சுங்கானுக்கு எந்த வாய்த்தண்டு? வாங்கும் முன்பும் பழுது பார்க்கும் முன்பும் படிக்க வேண்டியவை

என் தாத்தா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதியவர். தோட்டத்துத் துரை ஊர் திரும்பும்போது அவருக்கு ஒரு சுங்கானை, அதாவது புகையிலை பிடிக்கும் பைப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அயர்லாந்தின் பீட்டர்சன் நிறுவனத்துச் சுங்கான், வளைந்த தண்டு. தாத்தா போன பிறகு இருபது வருடம் ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில் கிடந்து, பிறகு என் கைக்கு வந்தது. மரம் நன்றாகவே இருந்தது. வாயில் வைக்கும் தண்டுதான் குளத்துப் பாசி நிறத்தில், தொட்டால் கையில் நாற்றம் ஒட்டும்படி ஆகியிருந்தது.

அதைச் சரிசெய்ய எனக்கு ஏழு மாதமும் ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபாயும் ஆயின. விஷயம் தெரிந்தவர் இரண்டு மாலையில், ஐந்நூறு ரூபாய்க்குள் முடித்திருப்பார். பொருந்தாத இரண்டு தண்டுகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. உங்கள் இழுப்பறைக்கு அந்தக் கதி வர வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். புகையிலை உடம்புக்குக் கேடு என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. சேகரிப்பவர்களும், வீட்டில் பெரியவர்கள் விட்டுப்போனதைப் பாதுகாக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். புகையிலை இடும் இடம் கிண்ணம். அதிலிருந்து நீளும் மரப்பகுதி கழுத்து. வாயில் வைப்பது வாய்த்தண்டு. தண்டின் முனையில் கழுத்துக்குள் நுழையும் பகுதியைத் தச்சர்கள் சொல்வதுபோல முளை என்றும், அது உட்காரும் குழியைப் பொளி என்றும் அழைக்கிறேன். பல்லுக்குப் பிடிமானமாக மறுமுனையில் இருக்கும் மேடு உதடு.

1. முதலில் பொருள் எது என்று கண்டுபிடியுங்கள்

தண்ணீர், வெந்நீர், ஸ்பிரிட், உப்புத்தாள் எதையும் அதற்கு முன் தொடாதீர்கள். ஒரு பொருளுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சு. நான் செய்த தவறுகளில் பாதி, பொருள் தெரியாமல் கை வைத்ததால் வந்தவை.

எபோனைட்: இதை வல்கனைட் என்றும் சொல்வார்கள். இயற்கை ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கிய பொருள். ரங்கா, ரத்னம் பேனாக்களைக் கையில் பிடித்தவர்களுக்கு இந்தப் பொருள் ஏற்கெனவே பழக்கம். கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். தீக்குச்சியும் சைக்கிள் டியூபும் கலந்த வாசனை வந்தால் எபோனைட். ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் பழுப்புக் கறை வரும். பல்லில் மெல்லத் தட்டினால் ஓசை மந்தமாக இருக்கும். கறுப்புதான் வழக்கம், செம்பழுப்பு வரிகள் ஓடும் வகைக்குக் கம்பர்லேண்ட் என்று பெயர். வரி இருக்கிறதே என்று அதை வேறு பொருளாக எண்ண வேண்டாம், அதுவும் எபோனைட்தான்.

அக்ரிலிக்: லூசைட் என்ற வணிகப் பெயரிலும் விற்பார்கள். எவ்வளவு பழையதானாலும் பளபளப்பு இருக்கும், வாசனை இருக்காது. பல்லில் தட்டினால் கண்ணாடி வளையல்போல ஓசை வரும். முத்துச்சிப்பி நிறம், பச்சை, ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களெல்லாம் அநேகமாக இதுதான்.

நைலான் போன்ற அச்சு வார்ப்புப் பிளாஸ்டிக்: மலிவுச் சுங்கான்களிலும் சோளத்தக்கைச் சுங்கான்களிலும் வரும். ஓரத்தில் அச்சுக் கோடு தெரியும். இதைப் பழுது பார்க்கச் செலவழிக்காதீர்கள், புதிது வாங்குவது லாபம்.

கொம்பு: மாட்டுக் கொம்பு அல்லது எருமைக் கொம்பு. வெளிச்சத்தில் பிடித்தால் நார்கள் தெரியும். பழைய கொம்பு ஏடு ஏடாகப் பிரியும், பூச்சியும் அரிக்கும்.

அம்பர்: பழைய கடற்நுரைக்கல் சுங்கான்களில், அதாவது துருக்கியின் எஸ்கிஷெகிர் பகுதியில் வெட்டியெடுக்கும் வெள்ளைக் கல்லில் செதுக்கியவற்றில், தேன் நிறத் தண்டு இருக்கும். விற்பவர் எல்லோரும் அம்பர் என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது பேக்கலைட் என்னும் பழைய காலப் பிளாஸ்டிக்கோ அக்ரிலிக்கோ ஆக இருக்கும். வீட்டுச் சோதனை ஒன்று உண்டு. 200 மில்லி தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்துத் தண்டைப் போடுங்கள். அம்பர் மிதக்கும், பேக்கலைட்டும் அக்ரிலிக்கும் மூழ்கும். உலோகத் திருகு இருந்தால் கழற்றிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் உண்மை அம்பரும் மூழ்கிவிடும். துளைக்குள் காற்றுக் குமிழ் நின்றால் பொய்யும் மிதக்கும். குலுக்கிக் குமிழை விரட்டுங்கள். உப்பைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டால் கரைசல் மிகவும் கெட்டியாகி அக்ரிலிக்கும் மிதக்கத் தொடங்கும். ஆகவே அளவு முக்கியம்.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். குத்திய தழும்பு நிரந்தரம். வேண்டாம்.

தண்டு யானைத் தந்தமாக இருக்குமோ என்ற ஐயம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். குறுக்குவெட்டில் வலைப்பின்னல்போலக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது தந்தத்தின் அடையாளம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தந்த வணிகம் இந்தியாவில் குற்றம். பரம்பரையாக வந்ததை வைத்திருக்கவும் உரிமைச் சான்றிதழ் வேண்டும். விற்கவோ வாங்கவோ எந்தக் காரணம் கொண்டும் முயலாதீர்கள்.

2. உங்களுக்கு எது பொருந்தும்?

புதிதாக வாங்குபவருக்குக் கேள்வி எபோனைட்டா அக்ரிலிக்கா என்பதுதான். மற்றவை அலமாரிக்கு.

எபோனைட் பல்லுக்கு மெத்தென்று இருக்கும். பிடிமானம் கிடைக்கும், பல் கூசாது, தாடை வலிக்காது. சூடு காட்டினால் வளையும், கடித்த பள்ளம் மேலே எழும்பும். ஆனால் அது சோம்பேறிக்கு ஏற்ற பொருள் அல்ல. வெயில் பட்டால் கந்தகம் மேலே வந்து பச்சையாகும், பழுப்பாகும், நாக்கில் கசக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்து வைக்க வேண்டும்.

அக்ரிலிக்குக்கு நிறம் மாறாது, வாசனை வராது, மாதக்கணக்கில் மறந்துபோனாலும் பளிச்சென்று இருக்கும். ஆனால் கல்லைக் கடிப்பதுபோல இருக்கும். பற்களில் கிரீடம் போட்டவர்கள் அக்ரிலிக்கை வாயில் தொங்கவிட்டுப் பழகினால் பல் மருத்துவருக்கும் சேர்த்துச் செலவு வைத்துக்கொள்ளுங்கள். கடினம் என்பதால் உதட்டுப் பக்கம் சற்றுத் தடிமனாகவே கடைவார்கள். சிறிய வாய் உள்ளவர்களுக்கு அது உறுத்தும். கீழே விழுந்தால் முளை ஒடியும் வாய்ப்பும் அதிகம்.

என் தீர்ப்பு இது. கையில் பிடித்தே பயன்படுத்துபவர் அக்ரிலிக் வாங்குங்கள். பல்லில் கடித்தபடி இரண்டு கைகளாலும் வேலை செய்பவர் எபோனைட் வாங்குங்கள். அலமாரியில் காட்சிக்கு மட்டும் வைப்பவர் நிச்சயம் அக்ரிலிக். பழைய சுங்கானைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே இல்லை. எதில் பிறந்ததோ அதிலேயே இருக்கட்டும்.

இரண்டு பொருள் கலந்த தண்டுகளும் உண்டு. உடல் அக்ரிலிக்காக இருக்கும், முளை மட்டும் டெல்ரின் என்னும் வழுவழுப்பான பிளாஸ்டிக்காக இருக்கும். இது நல்ல சேர்க்கைதான், முளை ஒடிவது குறையும். ஆனால் டெல்ரினில் பசை ஒட்டாது. முளை கழன்றால் சாதாரணப் பசையை நம்பாதீர்கள். கடைசல்காரரிடம் மரைபோட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

3. அளவெடுங்கள், இரண்டு முறை

நான் முதலில் வாங்கிய தண்டு பார்வைக்கு அப்படியே இருந்தது. வந்த பிறகு பார்த்தால் முளை அரை மில்லிமீட்டர் தடிமன் அதிகம். இரண்டாவது தண்டு பொருந்தியது, ஆனால் உள்ளே 9 மில்லிமீட்டர் வடிகட்டிக்கான குழி. தாத்தாவின் சுங்கானில் வடிகட்டியே கிடையாது.

தேவையானவை ஒரு வெர்னியர் அளவி, ஒரு நோட்டு. எழுத வேண்டியவை: பொளியின் விட்டம், பொளியின் ஆழம், கழுத்து முகப்பின் வெளிவிட்டம், பழைய தண்டின் நீளம், வளைவு. வளைவைக் கோணமாக அளக்க வேண்டியதில்லை. தண்டை வெள்ளைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டால் போதும். முளை பொளியைவிட 0.1 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் தேய்த்துக்கொள்ளலாம். சிறிதாக இருந்தால் வாங்காதீர்கள். பிறகு செய்யும் வித்தைகள் எல்லாம் சில மாதத்தில் தளர்ந்துவிடும்.

உதட்டின் வடிவத்தையும் பாருங்கள். பொதுவாகத் துளை நேராக முனையில் இருக்கும். பீட்டர்சனின் பி-லிப் வகையில் துளை மேல்பக்கம் இருக்கும். புகை அண்ணத்தை நோக்கிப் போவதால் நாக்கு சுடாது என்பது அவர்கள் சொல்வது. எல்லோருக்கும் பிடிப்பதில்லை, மாற்றுத் தண்டும் எளிதில் கிடைப்பதில்லை. உங்களிடம் அந்த வகை இருந்தால் பழையதைக் காப்பாற்றவே பாருங்கள்.

4. புதிய தண்டு: கடைசல்காரரா, வெளிநாட்டுக் கடையா?

கடைசல்காரர் வழியைத்தான் நான் கடைசியில் கண்டுபிடித்தேன், முதலிலேயே போயிருக்க வேண்டும். எபோனைட் பேனா கடைந்து பழகியவருக்கு வாய்த்தண்டு பெரிய வித்தை அல்ல. பேனா உடலில் வேலை செய்த கை அதே எபோனைட் கம்பியில் முளையும் கடையும். அவருக்குப் புதிதாக இருக்கும் இடங்கள் இரண்டு. முளைப் பக்கம் அகலமாகத் தொடங்கி உதட்டுப் பக்கம் தட்டையாக முடியும் புகைவழி ஒன்று, உதட்டுப் பிளவு இன்னொன்று. பழைய தண்டையோ நல்ல படத்தையோ கையோடு எடுத்துப் போங்கள். அக்ரிலிக்கில் துளை போடச் சொன்னால் வேகத்தைக் குறைத்து, நீர் ஊற்றிப் போடச் சொல்லுங்கள். சூடேறினால் துளையின் உட்சுவர் உருகிச் சொரசொரப்பாகும், பிறகு அங்கேதான் ஈரமும் அழுக்கும் தங்கும்.

எனக்கு ஆன செலவு: எபோனைட் கம்பித் துண்டுக்கு 600 ரூபாய், கூலி 1,200 ரூபாய். பத்து நாள் ஆனது, அதில் எட்டு நாள் அவர் கையில் எடுக்கவே இல்லை. முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் காகிதங்களைப் பற்றிக் கேளுங்கள். தனியார் கூரியர் நிறுவனங்கள் கேஒய்சி கேட்கும். ஆதார், பான் அட்டை நகல்களை முன்கூட்டியே தயாராக வையுங்கள். பொட்டலத்தில் இருக்கும் பெயரும் முகவரியும் அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரில் ஆர்டர் செய்து நான் ஒரு வாரம் இழந்தேன். பணம் செலுத்திய ரசீதையும் விற்றவரின் பட்டியலையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் மதிப்பைக் கேட்டால் காட்ட வேண்டியவை அவைதான்.

சுங்கான்களும் அவற்றின் பாகங்களும் 9614 என்ற சுங்கத் தலைப்பின்கீழ் வருகின்றன. இந்த எண்ணைப் படிவத்தில் எழுதும்படி விற்பவரிடம் கேளுங்கள். பொருள் விவரத்தில் ‘மரச் சுங்கானுக்கான வாய்த்தண்டு, புகையிலை இல்லை, மின்சாதனம் இல்லை’ என்ற பொருள் வரும்படி எழுதச் சொல்லுங்கள். மின்சிகரெட்டுகளுக்கு 2019ஆம் ஆண்டிலிருந்து இந்தியாவில் தடை இருக்கிறது. ‘புகைக்கும் கருவி’ என்று மொட்டையாக எழுதிய என் பொட்டலம் பத்தொன்பது நாள் முடங்கிக் கிடந்தது.

இன்னும் இரண்டு பொறிகள். நல்ல மனம் கொண்ட சில விற்பனையாளர்கள் ஒரு சிட்டிகைப் புகையிலையை இலவசமாக வைத்து அனுப்புவார்கள். வேண்டாம் என்று முன்பே எழுதிவிடுங்கள், அது தனிச் சிக்கல். அன்பளிப்பு என்று எழுதினால் வரி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தபாலிலும் கூரியரிலும் வரும் அன்பளிப்புகளுக்கு இருந்த அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. தண்டின் விலை, அனுப்பும் கூலி, வரி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் நான்கையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். எனக்குத் தண்டின் விலையைவிட மற்ற மூன்றும் சேர்ந்து அதிகம்.

5. பழைய எபோனைட் தண்டை மீட்பது

தண்டு ஒடியவில்லை, உதடு ஓட்டையாகவில்லை என்றால் புதிது தேவையே இல்லை. தாத்தாவின் தண்டுக்கும் தேவைப்படவில்லை என்பதை ஒன்பதாயிரம் செலவழித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடைசல்காரர் கடைந்து கொடுத்தது இப்போது வேறொரு சுங்கானில் இருக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் பல் பள்ளம், பிறகு வளைவு, கடைசியில் தேய்ப்பு. காரணம், வெந்நீர் பட்டால் எபோனைட் இன்னும் பழுப்பாகும். தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் பிறகு வெந்நீரில் போட்டால் எல்லா வேலையும் மறுபடி. எனக்கு அப்படித்தான் ஆனது.

பள்ளம் எடுக்க, கொதித்து இறக்கிய நீரில் உதட்டுப் பக்கத்தை மட்டும் ஒரு நிமிடம் பிடியுங்கள். எபோனைட்டுக்குத் தன் பழைய உருவம் நினைவிருக்கும். கடித்து அமுங்கிய இடம் தானே எழும்பும். இதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. தாத்தாவின் நாற்பது வருடப் பல் தடம் கண்ணெதிரே மெல்ல மேலே வந்து சமமானது. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா தண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்பா பல்லு எங்கடா?” என்றார். பாத்திரத்தையும் பழையதாக எடுங்கள். கந்தக நாற்றம் இரண்டு நாள் போகாது.

வளைவை மாற்ற வேண்டுமானால் புகைவழிக்குள் சுத்தம் செய்யும் கம்பியை (பைப் கிளீனர்) நுழைத்துவிட்டு, வளைய வேண்டிய இடத்தைச் சூடேற்றி வளைத்து, அப்படியே குளிர்ந்த நீரில் பிடியுங்கள். கம்பி இல்லாமல் வளைத்தால் உள்துளை நசுங்கும். அக்ரிலிக்குக்கு இதைவிட நிறையச் சூடு வேண்டும். கொஞ்சம் தவறினால் குமிழ் விடும் அல்லது ஒடியும். அதை வீட்டில் முயலாதீர்கள்.

தேய்க்க வன்பொருள் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் போதும். 400, 600, 800, 1000, 2000 என்று படிப்படியாக, எப்போதும் நீர் தொட்டு. எனக்கு ஒரு தாள் 20 முதல் 30 ரூபாய்க்குள் கிடைத்தது. ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய கீறல் முழுக்கப் போன பிறகே அடுத்ததற்குப் போங்கள். 400இல் அவசரப்பட்டவர்கள் 2000இல் அழுவார்கள். உலர்ந்து தேய்த்தால் பறக்கும் தூளை மூச்சில் இழுக்காதீர்கள்.

ஏற்கெனவே பொருந்தி நிற்கும் பழைய முளையைத் தேய்க்கவே கூடாது. கழுத்தோடு சேரும் விளிம்பும் உருளக் கூடாது. உருண்டால் மரத்துக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் தெரியும், அதை மறைக்க வழியில்லை. அந்த விளிம்பில் தண்டின் விட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம் வெட்டி மாட்டிக்கொண்டு தேயுங்கள். நிறுவனச் சின்னம் பதித்த இடத்தை விரலால் மூடி விலகிப் போங்கள்.

துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறப்போடும் குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். பச்சை போகும், கூடவே மேல்தோலும் அரித்துப் பொடிப்பொடியாகக் குழி விழும், உலோகச் சின்னமும் கெடும். கடைசியில் துணியில் கார் பாலிஷ் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் ஒரு துளி தடவித் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு நாற்றம் பிடிக்கும்.

நேரம்: ஒரு மாலை பள்ளத்துக்கும் வளைவுக்கும், மறுநாள் மாலை மூன்று மணி நேரம் தேய்ப்புக்கு.

6. அன்றாடம்

சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றாதீர்கள். ஒடிந்த முளைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஒடிந்தவை. ஆறிய பிறகு, நேராக இழுக்காமல், எப்போதும் ஒரே திசையில் திருகிக் கழற்றுங்கள்.

உள்துளையைச் சுத்தம் செய்ய எபோனைட்டுக்கு ஸ்பிரிட் தொட்ட கம்பியைப் பயன்படுத்தலாம். அக்ரிலிக்குக்கு ஸ்பிரிட் ஆகாது. மயிரிழைபோல உள்ளுக்குள் வெடிப்புகள் ஓடும், முதலில் கண்ணுக்கே தெரியாது. சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீர் போதும்.

எபோனைட்டை வெளிச்சம் படாத இழுப்பறையில் வையுங்கள். மே மாத மதியத்தில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். என்னுடைய வளைந்த தண்டு ஒன்று திரும்பி வந்து பார்த்தபோது பாதி நிமிர்ந்திருந்தது.

மழைக்காலத்தில் முளை இறுகினால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். முளையில் பென்சில் கரியைத் தேய்த்துச் சமாளித்து, தை பிறந்து காற்று காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். நவம்பரில் தேய்த்த முளை பிப்ரவரியில் கழன்று மடியில் விழும்.